கொடிக்கயிறு

எங்கள் வீட்டு முற்றத்துக் கொடிக்கயிறு மூன்று தடவை கீழே இறங்கியது. அம்மாச்சிக்கு எட்டவில்லை என்று முதலில் தாத்தா ஒரு சாண் இறக்கிக் கட்டினார். பிறகு மாமா இறக்கினார். கடைசித் தடவை நானே ஆணியைப் பிடுங்கிக் கீழே அடித்தேன். சேலை தரையில் புரளாமலிருக்க, இடுப்பில் இன்னொரு சுற்று ஏற்றிச் செருகிக்கொள்வாள். "வயசானா கூனு விழத்தானடி செய்யும்" என்பாள். நாங்களும் நம்பினோம்.

விடியுமுன் வேன் ஏறி, சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸில் நாளெல்லாம் பட்டாசுச் சரம் பின்னிவிட்டு இருட்டியபின் இறங்குவாள். விருதுநகர் மாவட்டத்து வெயிலில் சரக்கு மேடையில் காய்ந்தது. பின்னியவள் செட்டுக்குள் நிழலில் இருந்தாள். தோலில் வெயில் பட்டால்தான் வைட்டமின் டி ஊறும், அது இல்லாமல் தின்ற கால்சியம் சரியாக உடம்பில் சேராது என்று யார் சொன்னார்கள்? தின்றதும் மாறியிருந்தது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு. அந்தக் கூழ் போய் ரேஷன் அரிசிச் சோறு வந்தது. அதில் 10 மில்லிகிராம் தேறினால் பெரிது.

ஒருநாள் குழாயடியில் வழுக்கி உட்கார்ந்தாள். இடுப்பு ஒடிந்தது. எட்டு மாதம் கட்டிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

போன வருஷம் அம்மாவை மதுரைக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். மெத்தை போட்ட மேஜையில் மல்லாந்து படுக்கவைத்து, கால்களைச் சதுரப் பெட்டியின்மேல் தூக்கி வைத்தார்கள். மேலே ஒரு கை ஊர்ந்து போனது. இரண்டு வெவ்வேறு வீரியத்தில் எக்ஸ்ரே; எலும்பும் சதையும் அவற்றை வேறு வேறு அளவில் தடுப்பதை வைத்து எலும்பின் அடர்த்தியைக் கணக்கிடுகிறார்கள். பத்தே நிமிஷம். மார்பு எக்ஸ்ரே அளவுக்குக்கூடக் கதிர் இல்லை. இளவயதுப் பெண்ணின் சராசரியோடு ஒப்பிட்டு வரும் எண்தான் டி-ஸ்கோர். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை, என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. அம்மாவுக்கு மைனஸ் 2.8.

டாக்டர் நிமிர்ந்து, "உங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஒடிஞ்சிருந்ததாம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கொடிக்கயிற்றைப் பற்றிச் சொன்னேன். இளவயது உயரத்தில் நாலு சென்டிமீட்டர் குறைந்தாலே முதுகெலும்பைப் பார்க்க வேண்டும், வலியே இல்லாமல் உள்ளுக்குள் நொறுங்கியிருக்கும் என்றார். அந்தக் கயிறு ஒரு முழத்துக்குமேல் இறங்கியிருந்தது.

ஸ்ட்ரான்சியம் கலந்த மருந்து ஏதாவது சாப்பிட்டதுண்டா என்றும் கேட்டார்கள். கால்சியத்தைவிடக் கனமான அது எலும்பில் ஏறினால், அடர்த்தி இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியுமாம். எங்கள் வாணத்தில் சிவப்பு பூப்பதும் ஸ்ட்ரான்சியம் உப்பால்தான். எங்கள் ஊருக்குத் தெரிந்த பெயரை இப்படி ஒரு மேஜையருகே கேட்பேன் என்று நினைக்கவில்லை.

ஐம்பது தாண்டியும் சரம் பின்னப் போகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகக் கரையும். ஒடிந்த பிறகு மதுரைக்குத் தூக்கிப் போவதைவிட, வேன் வந்து நிற்கிற இடத்துக்கே வந்து அவர்களுடைய உயரத்தையாவது அளக்கக் கூடாதா? அதற்கு ஒரு நாடா போதும்.

அம்மாவுக்கு இப்போது வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அம்மா செம்புத் தண்ணீரோடு வெயில் விழும் திண்ணையில் உட்கார்கிறாள். பிறகு எழுந்து துணி உலர்த்துகிறாள். நான் துணியைப் பார்ப்பதில்லை, கயிற்றைப் பிடிக்கும் அவள் விரல்களைத்தான் பார்க்கிறேன்.