சீசன்காரர்

வெள்ளவத்தையின் குறுக்குத் தெருக்களுக்கு ஒரு முனையில் காலி வீதி, மறு முனையில் தண்டவாளமும் கடலும். ரயில் பணிப்பகிஷ்கரிப்பு நாளொன்றில் காலை ஏழு மணிக்குத் தெருவே காலி வீதிப் பக்கம் விரையும். ஒரே ஒருவர் மட்டும் கடலை நோக்கி நடப்பார். மடித்த குடை, சாப்பாட்டுப் பை, சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓரம் மஞ்சளித்த சீசன் டிக்கெட். “ஐயா, ஸ்ரைக் எண்டு ராத்திரியே செய்தியில சொன்னாங்களே” என்று யாராவது தடுத்தால், “சொல்லுவாங்கள் தம்பி. ஒண்டு ரெண்டு ஓடும்” என்பார். மேடையில் நின்று தெகிவளைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். சிக்னல் சிவப்பில் நிற்கும். சிவப்பு என்றால் பச்சை வரப்போகிறது என்றே அவருக்கு அர்த்தம். இவர்தான் சீசன்காரர். கம்பஹாவிலும் றாகமையிலும் பாணந்துறையிலும் இதே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் இவரை அசடு என்கிறது. அது அநியாயம். அந்த மேடையில் நிற்கும் மனிதர் ஊரைவிட அதிகம் தெரிந்தவர். ‘ரயில் ஸ்ரைக்’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் எத்தனையோ வகை உண்டு என்பது அவருக்குத் தெரியும். சாரதிகளுக்கு ஒரு சங்கம், காவலர்களுக்கு ஒரு சங்கம், நிலைய அதிபர்களுக்கு ஒரு சங்கம், கட்டுப்பாட்டாளர்களுக்கு இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே நாளில் கோபம் வருவது அபூர்வம். சாரதிகள் இறங்கிவிட்டால் பாதை வெறிச்சோடும். அப்போதும் சங்கத்தில் சேராத சிலரை வைத்து நாலைந்து வண்டியை ஓட்டிவிட ரயில்வே திணைக்களம் பாடுபடும். 2021 டிசம்பரில் நிலைய அதிபர்கள் நடத்திய போராட்டத்தில் டிக்கெட் கொடுப்பதும் பொதி ஏற்பதும்தான் நின்றன; வண்டிகள் ஓடின. அதுதான் சீசன்காரரின் மனதை அதிகம் புண்படுத்தியிருக்க வேண்டிய ஸ்ரைக். ஊரெல்லாம் இலவசமாகப் போக, முற்பணம் கட்டியவர் அவர் மட்டும்! ஆக, ‘ஒண்டு ரெண்டு ஓடும்’ என்பது நப்பாசை அல்ல. வருடக்கணக்கான அவதானத்தில் பிறந்த முடிவு.

பஸ்ஸைப் பற்றிய அவருடைய அபிப்பிராயமும் ஆதாரமில்லாதது அல்ல. சாதாரண நாளிலேயே 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் காலி வீதி நெரிசலில் புறக்கோட்டைக்குப் போய்ச் சேரும் நேரத்தை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ரயிலுக்கோ சந்தியும் இல்லை, சிக்னலில் மோட்டார் சைக்கிளும் இல்லை. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று தொட்டுத் தொட்டுக் கோட்டையில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஸ்ரைக் நாளில் ரயில் கூட்டம் முழுவதும் அதே பஸ்களுக்குள் இறங்குகிறது. ஏற்கெனவே ஒற்றைக் காலில் நிற்பவர்களைப் பார்த்து நடத்துனர் “பின்னுக்குப் போங்க, பின்னுக்கு இடம் இருக்கு” என்கிறார். அந்தப் ‘பின்னுக்கு’ எங்கே இருக்கிறது என்று கண்டவர் இல்லை. ஐந்து ரூபாய் மிச்சக் காசு கேட்டால் கந்தோர் வாசல் வரை “தாறன், தாறன்” என்ற பதில்தான். ரயிலில் இவருக்கு ஜன்னலோர இடம் இருக்கிறது. முன்னால் ஏறிய நண்பர் கைலேஞ்சி போட்டு வைத்த இடம். இந்த வசதிகளையெல்லாம் எடைபோட்டால் கடல் பக்கம் நடந்தவரைக் குறை சொல்ல வழியில்லை.

காத்திருந்து வீணாகும் நேரத்துக்கு என்ன விலை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒன்பதரை மணிவரை மேடையில் நின்றுவிட்டு, கடைசியில் அதே பஸ்ஸில் ஏறிக் கந்தோருக்குப் பத்தரைக்குப் போகிறவர் எதை மிச்சம் பிடித்தார்? ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், ரயில் எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2018 ஆகஸ்டில் ஸ்ரைக் பிற்பகலில் திடீரென்று வெடித்தது. காலையில் ஒழுங்காக ரயிலில் வந்தவர்கள் கோட்டை நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தேங்கினார்கள். 2019 செப்டம்பர் கடைசியில் தொடங்கியதோ 12 நாள் நீண்டது. வேறு சில, அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி வந்ததும் வராததுமாகக் கரைந்துபோயின. இப்படி ஒழுங்கில்லாமல் வந்துபோகும் ஸ்ரைக்குக்குக் காலையில் வீட்டில் உட்கார்ந்து போடும் எந்தக் கணக்கும் ஊகம்தான். அரைமணி நேரம் மேடையில் நின்று பார்ப்பது மோசமான ஊகம் அல்ல.

அவருடைய கணக்கு உண்மையில் பிழைக்கும் இடம் வேறு. சீசனுக்குக் கட்டிய பணம் போன மாதமே போய்விட்டது. இன்று அவர் பஸ்ஸில் போனாலும் நடந்து போனாலும் வீட்டில் படுத்தாலும் அது திரும்பி வராது. இருந்தும் பஸ்ஸுக்கு நீட்டும் ஒவ்வொரு ரூபாயையும் இரண்டாம் தடவை கட்டும் அபராதமாகவே அவர் பார்க்கிறார். சமைத்துவிட்டோமே என்பதற்காகப் புளித்துப்போன குழம்பைச் சாப்பிடுகிறவருக்கும் இவருக்கும் வித்தியாசம் இல்லை. 12 நாள் ஸ்ரைக்கின் நான்காம் நாளும் இவரை மேடைக்கு இழுத்து வருவது அவதானமும் அல்ல, அனுபவமும் அல்ல. அந்தப் பிளாஸ்டிக் உறைதான்.

இது குணக்கோளாறு என்று நினைக்க வேண்டாம், பழக்கம்தான். யாழ்ப்பாணத்தாரைப் பாருங்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை உறவுக்காரி போலக் கொண்டாடியவர்கள். 1990இல் பாதை அறுந்தது. யாழ்ப்பாண நிலையத்துக்கு மறுபடி ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். இடையில் 24 வருடம் ரயில் இல்லாமலே பழகிவிட்டார்கள். 2023 ஜனவரியில் திருத்த வேலைக்காக வடபாதை திரும்பவும் மூடியபோது யாரும் மேடையில் நின்று எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் இரவு பஸ்ஸுக்கு சீற் புக் பண்ணினார்கள், ஏறினார்கள், தூங்கினார்கள். ஒரே ஊர் மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் கையில் சீசன் இல்லை.

ஓடும் ஒன்றிரண்டில் தொற்றிக்கொள்வதுதான் சிரித்து விடக்கூடாத பகுதி. 2023 செப்டம்பர் ஸ்ரைக்கின்போது, நெரிசலில் ரயில் கூரையில் ஏறிப் பயணம் செய்த இளைஞர் ஒருவர் ஹொரப்பையில் உயிரிழந்தார். ‘ஒண்டு ரெண்டு ஓடும்’ என்ற கணிப்பு சரியாக இருந்தாலும், அந்த ஒன்றில் பத்து வண்டியின் சனம் ஏறும் என்பதை சீசன்காரர் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. மிதிபலகையில் தொங்கிச் சேமித்த பஸ் காசை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இலாபமாக எழுத முடியாது.

ஆகவே சீசன்கார ஐயாவே, நீங்கள் மேடைக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. போவதற்கு முன் ‘ஸ்ரைக்கா?’ என்று கேட்காமல் ‘யார் ஸ்ரைக்?’ என்று கேளுங்கள். சாரதிகள் என்றால் திரும்பி நடங்கள். பெரிய பகிஷ்கரிப்புகளில் ரயில் சீசனைக் காட்டி இ.போ.ச. பஸ்ஸில் போகலாம் என்று அறிவிப்பது வழக்கம். அப்படி அறிவித்திருந்தால் காலி வீதியில் சிவப்பு பஸ்ஸுக்குக் கையைக் காட்டுங்கள். தனியார் பஸ்ஸில் மட்டும் அந்த உறையை நீட்டிவிட வேண்டாம்.