நடுச் சீற்

போன ஞாயிற்றுக்கிழமை வவுனியா குருமன்காட்டில் ஒரு வானைப் பார்க்கப் போய் வந்தோம். இன்று புதன். இன்னும் சூடு ஆறவில்லை. ஆறும் முன்பே எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லித் திரியும் ஆளாகிவிடுவேன்.

பழைய டொல்பின் வான் வாங்க நினைக்கும் குடும்பத்தவர்களுக்கு உபயோகமாக ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வான் எங்கேயாவது அடிபட்டு நிமிர்த்தினதா இல்லையா என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. புளியங்குளத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவர், வேறு ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லித் தந்தது. அதற்கு வருகிறேன்.

வான் பார்க்க நாங்கள் ஒன்பது பேர் போனோம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், என் அம்மா, மாமா, மாமி, மனைவியின் தங்கை, அவளுடைய கைக்குழந்தை. பத்தாவது ஆள் கனடாவில் இருந்து வட்சப்பில் வந்த மச்சான். இரண்டு ஓட்டோ, ஒரு மோட்டார் சைக்கிள். படலையைத் திறந்த வான்காரர் எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "இஞ்சேர், ஆரும் மோசம் போனதா அறிவிச்சவையோ?" என்று கேட்டார்.

வான் 1993 ஆம் ஆண்டுப் பிறப்பு. ரொயோட்டா ஹையேஸ், எல்.எச். 113. அந்த உருவம் ஜப்பானில் 1989 இல் வந்தது. 2004 இல் அவர்கள் அதை விட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. அடுத்து வந்ததைக் கே.டி.எச். என்று எழுத்தால்தான் கூப்பிடுகிறோம். மூக்கு உருண்ட பழையதற்கு மட்டும் ஒரு பிராணியின் பெயரை வைத்துச் செல்லமாக வளர்க்கிறோம். எங்கள் கலியாணத்தைவிட இந்த வானுக்குப் பதினொரு வயது மூப்பு. ஓட்டத்திலும் அதுதான் திறம் என்பது மனைவியின் கருத்து.

விலை கேட்டேன். சொன்னார். காதில் சரியாக விழவில்லையாக்கும் என்று திரும்பக் கேட்டேன். அதற்குள் இரண்டு லட்சம் ஏறியிருந்தது.

உலகத்தில் எல்லாச் சாமானும் பழசானால் விலை விழும். இந்த நாட்டில் வானும் காணியும் மட்டும் வயது போகப் போகக் குமராகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்தது. 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் கதவைத் திறந்தார்கள். இனி பழைய வான்களின் கொழுப்பு அடங்கும் என்று நானும் ஊரோடு சேர்ந்து காத்திருந்தேன். வந்த புது வாகனங்களின் வரியைக் கேள்விப்பட்டதும் பழசுகள் எல்லாம் இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன.

மீற்றரைப் பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். முப்பத்திரண்டு வருடத்தால் பிரித்தால் வருடத்துக்கு நாலாயிரத்து அறுநூறு கிலோமீற்றர். புளியங்குளத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்வர ஏறக்குறைய ஐந்நூறு. அப்படியென்றால் இந்த வான் வருடத்துக்கு ஒன்பது தரம் வெளிநாட்டுச் சொந்தங்களை ஏற்றி இறக்கிவிட்டு மீதி நாளெல்லாம் தியானத்தில் இருந்திருக்க வேண்டும். கேட்டேன். வான்காரர் அசரவில்லை.

"2002 இலை பாதை திறக்கத்தான் கொழும்பிலை இருந்து கிளிநொச்சிக்கு வந்தது அண்ணை. 2006 இலை பாதை பூட்ட, நிண்டிட்டுது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2020 இலை கொரோனா, வீட்டிலை நிண்டது. 2022 இலை கியூ.ஆர்., கிழமைக்கு இருபது லீற்றர், அதிலை எங்கை ஓடுறது?"

என்ன பதில் சொல்ல? மீற்றரை அவர் திருப்பினாரா, நாடு திருப்பினதா என்று பிரித்தறிய எந்தக் கராஜிலும் கருவி இல்லை.

இனிப் பரிசோதனை. மாமா நேரே பின்பக்கம் போய்ச் சைலன்சருக்குள் மூக்கை வைத்தார். தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோலும் டீசலும் வராத காலத்தில், சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஓர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜை ஓட்டினவர். அன்றிலிருந்து எஞ்சின் என்றால் அவருக்கு மூக்குத்தான்.

"மணம் சரியில்லை" என்றார்.

"என்ன மணம் மாமா?"

"மண்ணெண்ணெய் மணம் இல்லை."

மாமி நம்பர் தகட்டைக் கூட்டினார். எட்டு வந்தது. மேலிருந்து கீழ் கூட்டினார், கீழிருந்து மேல் கூட்டினார், எட்டுத்தான். கைக்குழந்தை ஸ்ரியறிங்கை நக்கிப் பார்த்து ஆட்சேபனை இல்லை என்று சிரித்தது. அதுதான் அன்றைய ஒரே நேர்மையான அறிக்கை.

மச்சானுக்கு அங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது. அரைவாசிக் காசு அவருடையது என்பதால் நித்திரையும் முழிப்புமாகத் தலைமை தாங்கினார். "அத்தான், கீழை படுத்து அக்சிலைக் காட்டுங்கோ." படுத்தேன். "கொஞ்சம் இடப்பக்கம்." புரண்டேன். "ஓ, அது உங்கடை காதோ?" பொத்தானை அமத்தினால் தன்பாட்டில் திறக்கும் கதவுள்ள சியென்னா ஓட்டுகிறவர். "இதுக்குக் கதவு ரெண்டு பக்கமும் திறக்குமோ?" என்று கேட்டார். "ஒரு பக்கம் தம்பி, அதுவும் மனம் வந்தால்" என்றார் வான்காரர்.

நான் செய்ய நினைத்திருந்தது வேறு. விடியப் போய்க் குளிர்ந்த எஞ்சினில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் வான்காரர் எங்களுக்கு முன்னமே எழும்பி ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஓடுகிற எஞ்சினின் எண்ணெய் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைக்க வேண்டும். மூடி துள்ளிப் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் போய்விட்டது. றேடியேற்றர் தண்ணீரில் குமிழி ஓயாமல் வந்தால் ஹெட் காஸ்கெற்றில் சந்தேகம். காந்தம் ஒன்றைத் தகரம் முழுக்க ஓட்டிக்கொண்டு போனால், எங்கே வழுக்கி விழுகிறதோ அங்கே தகரம் இல்லை, பூட்டிதான். காந்தத்தைக் காற்சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். ஆனால் டொல்பினில் எஞ்சின் இருப்பது முன் சீற்றுக்குக் கீழே. எண்ணெய் பார்க்க வேண்டுமென்றால் சீற்றைத் தூக்க வேண்டும். சீற்றில், மணம் பார்த்து முடித்த களைப்பில், மாமா ஏறி இருந்துவிட்டார்.

இங்கேதான் நடுச் சீற் வருகிறது.

டொல்பினில் முன்னுக்கு மூன்று இடம். சாரதி, யன்னல்கரை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முன்னுக்கு இருத்துவது எங்கள் பக்கத்தில் மரியாதை. யன்னல்கரை வீட்டில் மூத்த ஆணுக்கு. அதற்கு அடுத்த மரியாதைக்குரியவருக்கு நடுச் சீற். மாப்பிள்ளை, அதிபர், ஐயர், சுவிசில் இருந்து வந்த சித்தப்பா ஆகியோர் இருக்க வேண்டிய இடம். அதற்கு நேர் கீழே 2,779 சீசீ டீசல் எஞ்சின்.

மரியாதை ஓமந்தை வரைக்கும் ஒன்றும் செய்யாது. வவுனியாவில் பதமான சூடு. மதவாச்சியில் ஒத்தடம். அநுராதபுரத்தில் சித்தப்பா ஒரு பக்கமாகச் சரிந்து இருக்கத் தொடங்குவார். நொச்சியாகமத்தில் மற்றப் பக்கம். புத்தளத்தில், 'ஒரு தேத்தண்ணி குடிப்பமே' என்பார். அவருக்குத் தேத்தண்ணி தேவையில்லை, எழும்பி நிற்கத்தான் தேவை. சிலாபத்தில் பேச்சு நின்றுவிடும். நீர்கொழும்பு வந்ததும், 'இந்த நாட்டிலை இனி மனிசர் இருக்கேலாது' என்பார். நாங்கள் எல்லாரும் அதை அரசியல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள் என்பதுதான் விசேஷம். சுடுகிறது என்றால் மரியாதையைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். அதனால் சாக்கு மடித்துப் போடுவார்கள். சாக்குக்கு மேலே பாய்த்துண்டு. அதற்கு மேலே நனைத்த துவாய். ஒருதரம் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையை அதில் ஏற்றி வற்றாப்பளைக்குக் கொண்டுபோனோம். தாலி கட்டும்போது எழும்பி நிற்கச் சொன்ன ஐயரை அவர் நன்றியோடு பார்த்தார். மணவறை முழுக்கப் பூரிப்பு என்று வீடியோக்காரர் அதையே மூன்று நிமிடம் எடுத்து வைத்திருக்கிறார்.

சாரதிக்குச் சுடாதா என்று கேட்கலாம். சுடும். ஆனால் அவருக்குச் சம்பளம் உண்டு. யன்னல்கரைக்குக் காற்று உண்டு. பின்னால் இருக்கும் குமருகளுக்குப் பாட்டு உண்டு, சத்தி எடுக்கிற பிள்ளைக்குத் தேசிக்காய் உண்டு. நடுச் சீற்றுக்கு மரியாதை ஒன்றுதான். மரியாதை சூடு தாங்காது என்பது டொல்பினில் ஏறினால் தெரியும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வான் இன்னும் எங்களுடையதில்லை. முற்பணம் கொடுக்கவில்லை. ஆனால் மாமா யன்னல்கரையில் இருந்துவிட்டபடியால் நடுச் சீற் ஆருக்கு என்ற கேள்வி எழும்பிவிட்டது. மனைவி என் பெயரைச் சொன்னாள். நான் மாப்பிள்ளையாகி இருபத்தொரு வருடமாகிறது, பதவி ஓய்வு கேட்டேன். மச்சான் தான் வரும்போது அதில் இருக்க முடியாது, முதுகு நோ என்று கனடாவிலிருந்தே முன்கூட்டி மறுத்தார். அப்போது அம்மா, "எனக்குத் தாங்கோவன். முழங்காலுக்கு நல்ல சூடு" என்றா.

வளவே அமைதியாகியது. அம்மா யார்? மாமாவின் சம்பந்தி. சம்பந்தியும் சம்பந்தியும் புளியங்குளத்திலிருந்து கட்டுநாயக்கா மட்டும் தோளோடு தோள் உரச, சாமம் முழுக்க, முன் கண்ணாடிக்குள் ஊர் பார்க்கப் போவதா? மாமி நம்பர் கூட்டுவதை நிற்பாட்டினார். "அப்ப இவரைப் பின்னாலை இருத்துவமோ?" என்றார். அந்த 'இவரை'யில் நாற்பத்தைந்து வருடத் தாம்பத்தியம் இருந்தது. மாமா கேட்காததுபோல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கவில்லை. சீற்றும் தூக்குப்படவில்லை, எண்ணெய் மூடியும் திறக்கவில்லை. மெக்கானிக் தம்பி சொன்ன அடையாளமும் சீற்றைத் தூக்கினால்தான் தெரியும். அதற்கும் வருகிறேன்.

ஒரு மணி நேரம் போயிற்று. வான்காரரின் மனைவி இரண்டாம் முறை தேத்தண்ணி கொண்டுவந்தார். மடுத் திருவிழாவுக்கு ஒரு இருக்கை ஒழுங்கு, புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்கு இன்னொரு ஒழுங்கு என்று மனைவி கொப்பித்தாளில் கோடு கீறத் தொடங்கினாள்.

அம்மா சொன்னா: "2009 இலை உழவு மெசின் பெட்டியிலை பதினேழு பேர் இருந்தனாங்கள். நடு ஆருக்கு, கரை ஆருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

ஒருவரும் பேசவில்லை. மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, என் மடியில் இருந்தவள். இப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மௌனம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"ஹலோ? ஹலோ? என்ன, நெற் கட் ஆயிட்டுதோ?" என்றார் மச்சான்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் வந்தான். தனிய வந்தான். அதைக் கவனியுங்கள், தனிய. வானைச் சுற்றி ஒருதரம் நடந்தான். முன் கதவைத் திறந்து, "ஐயா, ஒருக்கா இறங்குங்கோ" என்றான்.

நாங்கள் ஒன்பது பேரும் ஒரு மணி நேரமாகச் சொல்லத் துணியாத வசனம். மாமா இறங்கினார்! சிரித்துக்கொண்டு வேறு இறங்கினார். பெடியன் சீற்றைத் தூக்கினான். ஸ்ராட் பண்ணினான். எண்ணெய் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தான். மூடி அசையவில்லை. திரும்பப் பூட்டினான். வீட்டுக்குள் போனான். வெளியே வரும்போது வான்காரர் எங்களைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ" என்றார்.

திரும்பி வரும் வழி முழுக்க அது நல்ல வான் இல்லை என்பதற்கான காரணங்களைக் குடும்பம் ஒற்றுமையாகச் சேகரித்தது. எட்டாம் நம்பர் முதலாவது காரணம். மண்ணெண்ணெய் மணம் இல்லாதது இரண்டாவது. மச்சான் நித்திரைக்குப் போய்விட்டார்.

ஏ-9 இல் நின்றால் எதுவும் ஒருநாள் கடந்து போகும். இன்று காலை புளியங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்கள், வாசல்படியில் ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, என்னைக் கிலோமீற்றர்க் கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போயின. மூன்றாவதாக வந்தது டொல்பின். பெடியன்தான். பின்னால் சனம் நிறைந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு பிரேக் பிடித்தான்.

"அண்ணை, வவுனியாவுக்கோ? முன்னுக்கு வாங்கோ, உங்களுக்கெண்டே ஒரு இடம் கிடக்கு."

யன்னல்கரையில் ஒரு வயதான ஐயா இருந்தார். காலைத் தூக்கி வழி விட்டார். ஏறி இருந்தேன். வான் அருமையாக ஓடியது. வளைவில் ஆட்டமில்லை, புகையில்லை. அந்தப் பழுதின்மைதான் என்னை மிகவும் வதைத்தது. ஓமந்தை தாண்டியதும் கீழே இருந்து மெல்ல ஒரு கதகதப்பு ஏறத் தொடங்கியது.

அடிபட்ட வானா என்று காட்டிக்கொடுக்கும் அந்த அடையாளம் எனக்கு நேர் கீழேதான் இருந்தது. எழும்பிச் சீற்றைத் தூக்கினால் பார்த்துவிடலாம். ஆனால் ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டு இருத்திய இடத்திலிருந்து எப்படி எழும்புவது?