49 ரூபாய்தானே?

கேள்வி: என் கிரெடிட் கார்டில், நான் வாங்காத எதற்கோ 49 ரூபாய் போயிருக்கிறது. இதற்குப் போய் கார்டையே மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மாற்றியே ஆக வேண்டும், அம்மா! திருடன் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறான், திறந்துகொண்டது. அடுத்து பீரோவுக்குத்தான் வருவான். உடனே வங்கிச் செயலியில் கார்டை முடக்குங்கள். கார்டின் பின்பக்கமுள்ள எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண் வேண்டவே வேண்டாம். அங்கே அவனே போனை எடுக்கலாம்! உங்கள் மேல் தவறில்லாத மோசடியை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையதல்ல என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. சைபர் குற்ற உதவி எண் 1930. புது கார்டு வந்ததும், பழைய கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு முதலில் புது எண்ணைக் கொடுங்கள். ஓடிடி சந்தா மெதுவாக வரட்டும்.