இலவசத்துக்கு எவ்வளவு ஆகும்?

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா தந்த இலவசக் கல்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. கண்டியிலிருந்து பஸ்ஸில் சுமார் 6 கிலோமீற்றர். ஆனால் பிள்ளை மட்டும் உயர்தர டியூசன் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். இரசாயனவியலுக்கு ஒரு சேர், பௌதிகவியலுக்கு ஒரு சேர், கடைசி நேர மீட்டலுக்கு இன்னொரு சேர். அம்மாவின் காப்பு அடகுக் கடையில்.

பிறகு இசட் புள்ளி வரும். பல்கலைக்கழக இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. கண்டி அந்தக் கடைசிப் பட்டியலில் இல்லை. தெல்தோட்டை லயத்துப் பிள்ளைக்கு இந்த நல்ல சேதியை யாராவது சொல்லுங்கள். மலைக்கு அந்தப் பக்கம், நுவரெலியா மாவட்டத்தில் படித்திருந்தால் அந்த ஐந்திலும் பங்கு கேட்டிருக்கலாம்.

விருப்பு வரிசையில் பேராதனையை முதலில் எழுதிய கண்டிப் பிள்ளைக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கும். படிப்பு அங்கேயும் இலவசம். போர்டிங், சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் பஸ் காசு எல்லாம் வேறு கணக்கு. மகாபொலப் புலமைப்பரிசில் வந்ததும் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கடை முதலாளி அதற்கென்றே தனிக் கொப்பி வைத்திருக்கிறார்.