மெத்தட் தம்பி

தளேகாவ் எம்.ஐ.டி.சி.யில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் கூட்டத்தில் தம்பியை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் டீக்கடைக்கு நடப்பார்கள். இவர் ஜாவா வகுப்பு வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, புரியாத இடத்தில் பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிடுவார். கணக்குப் பார்த்தால் சாதாரண வேகமே லாபம்.

ஊர் தென்காசியோ விருதுநகரோ, படிப்பு மெக்கானிக்கல் டிப்ளமோ. இதே தளேகாவில் 2008-ல் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பிற்பாடு ஹூண்டாய் அதை வாங்கியது. அந்தக் கதையைக் கேட்ட நாள் முதல் எந்த ஆலையின் புகைபோக்கியும் தம்பிக்கு நிரந்தரமாகத் தெரிவதில்லை. ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்தான் கதிமோட்சம். சனிக்கிழமை ஆனால் லோணாவளா லோக்கலைப் பிடித்துப் புனே போய் வகுப்பில் உட்கார்ந்துவிடுவார்.

முதல் மாதம் முழுக்க ‘பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்’ என்று தொடங்கும் வரியை மனப்பாடம் செய்தார். ஒருவழியாக மனசில் தங்கியபோது, 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25, சின்ன புரோகிராமுக்கு ‘வாய்ட் மெயின்’ மட்டும் போதும் என்றுவிட்டது. வயிறு எரிந்தாலும் பழைய வரியைக் கைவிடவில்லை. இன்டர்வியூவில் கேட்பார்களாம்.

மெயினுக்குள்தான் அவருடைய மொத்தக் குடித்தனமும். அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் ஓவர்டைம் கணக்குப் போட, அதே நாலு வரியை ஆறு முறை ஒட்டிவைத்தார். மணிக்கூலி ஏறியபோது ஐந்து இடத்தில் திருத்தினார். ஆறாவது ஆள் இன்னும் பழைய கூலியில் உழைக்கிறார்.

“மெத்தட் எழுதுடா” என்றார் அறையின் மூத்தவர், ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் அண்ணன். ஸ்டேஷன் பக்கத்து வடாபாவ் கடையிலேயே வகுப்பு நடந்தது. “கடைக்காரருக்கு வேலை தெரியும். எத்தனை, எந்தச் சட்னின்னு ரெண்டு காலியிடம் மட்டும் விட்டுவச்சிருக்காரு. அது பாராமீட்டர். நீ போய் ‘நாலு, காரச் சட்னி’ங்கறே பாரு, அது ஆர்கியுமென்ட். அவர் நீட்டுற பொட்டலம் ரிட்டர்ன்.”

“காசுண்ணே?”

அண்ணன் அன்றைய வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டார்.

தம்பி மெத்தட் எழுதினார். முதலில் மணி, அடுத்தது கூலி. 12, 80 என்று கொடுத்தார், 960 வந்தது. மாற்றி 80, 12 என்று கொடுத்தார், அதே 960. வரிசை முக்கியமில்லை என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். அடுத்த மெத்தட், மொத்தச் சம்பளத்திலிருந்து பிடித்தத்தைக் கழிப்பது. 18000, 1500 என்று கொடுக்க வேண்டியதைப் புரட்டிக் கொடுத்ததும் திரையில் −16500. “அண்ணே, நான்தான் கம்பெனிக்குக் கட்டணும்போல.” இரண்டுமே இன்ட் என்பதால் கம்பைலர் வாயே திறக்கவில்லை. பாராமீட்டருக்கு நாம் எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும், அழைக்கும்போது ஜாவா பார்ப்பது வகையையும் வரிசையையும்தான்.

ரிட்டர்ன் விஷயத்தில் தம்பி வள்ளல். மெத்தடை அழைப்பார், அது பாடுபட்டுக் கணக்கிட்டு விடையைத் திருப்பித் தரும், எந்த வேரியபிளிலும் வாங்கிவைக்க மாட்டார். விடை அந்தரத்தில் போய்விடும். அதற்கும் கம்பைலர் கோபிக்காது. ஆனால் இன்ட் தருவதாகத் தலைப்பில் அறிவித்துவிட்டு உள்ளே ரிட்டர்ன் எழுத மறந்தால் மட்டும் சிவப்பு எழுத்தில் திட்டு விழும். வாக்குத் தவறினால்தான் குற்றம், வாங்காமல் போனால் இல்லை.

பிறகு வந்தது சம்பள உயர்வு மெத்தட். 18000-ஐ உள்ளே அனுப்பினார். உள்ளே 2000 கூட்டினார். உள்ளேயே அச்சிட்டுப் பார்த்தால் 20000. வெளியே வந்து பார்த்தால் பழைய 18000. மனிதவளத் துறைக்காரர் எழுதிய மெத்தட் மாதிரி இருக்கிறதே என்று அறையே சிரித்தது. உள்ளே போனது மதிப்பின் நகல்தான் என்று அண்ணன் விளக்கினார். தம்பி விடவில்லை. ஆறு பேர் சம்பளத்தையும் ஓர் அரேயில் போட்டு அனுப்பினார். இந்த முறை வெளியேயும் உயர்ந்திருந்தது.

“பாத்தீங்களாண்ணே, இதுல நகல் போகலை!”

“இதுலயும் நகல்தான். அரே எங்க இருக்குங்கற ரெஃபரன்ஸோட நகல். அட்ரஸ் சீட்டை ஜெராக்ஸ் எடுத்தாலும் வீடு ஒண்ணுதானடா.”

தம்பி மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் தெளிந்து, ஒரே மெத்தடில் எல்லாவற்றையும் முடித்துக் காட்டினார். பெயர், ஊர், ஷிஃப்ட், மணி, கூலி, பி.எஃப்., கேன்டீன், பஸ், முன்பணம், விடுப்பு, தீபாவளி போனஸ் என்று 11 பாராமீட்டர். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இத்தனை எதுக்குடா?”

“ஜாவாவுல எத்தனைண்ணே வைக்கலாம்?”

“லிமிட் என்னமோ 255.”

தம்பி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “அப்ப இன்னும் 244 பாக்கி இருக்குண்ணே.”