லைற் எரியுது, அண்ணை!

யாழ்ப்பாணத்தில் பட்டப்பகலில் ஒரு வாகனத்தின் ஹெட்லைற் எரிந்தால் அது ஓட்டுகிறவரின் சொந்த விஷயம் அல்ல. எதிரே சைக்கிளில் வருபவர் ஒரு கையை ஹாண்டிலில் இருந்து எடுத்து, விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர் "அண்ணை, லைற் எரியுது!" என்று கத்துவார். மரக்கறிக் கடை வாசலில் நிற்கும் ஆச்சியும் தன் பங்குக்குக் கையை ஆட்டுவார். அடுத்தவன் பற்றரி இறங்கிவிடக் கூடாது என்பதில் குடாநாட்டுச் சனத்துக்கு அப்படியொரு கரிசனை.

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த ஒருவர் இந்தக் கரிசனையைக் கொஞ்சம் பிழையாக விளங்கிக்கொண்டார். கனடாவில் 1989 டிசம்பருக்குப் பிறகு செய்த வாகனம் எதுவும் பகல் விளக்கு இல்லாமல் விற்பனைக்கு வர முடியாது. வருடக்கணக்காக விளக்கோடு ஓடிய கை, கொக்குவிலில் அத்தானின் வாகனத்தை எடுத்ததும் தன்பாட்டில் சுவிச்சைத் திருகிவிட்டது. காங்கேசன்துறை வீதி நெடுக ஆட்கள் கை காட்டினார்கள். இத்தனை வருடம் கழித்தும் ஊர் தன்னை மறக்கவில்லையே என்று அவரும் கண் கலங்கத் திருப்பிக் கை காட்டிக்கொண்டே போனார். கோயிலடியில் ஒரு பொடியன் கண்ணாடியில் தட்டிச் சொல்லும் வரைக்கும் அந்தப் பாசம் நீடித்தது.

அத்தான் என்பவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊருக்கு மாஸ்டர். வாகனம் ஹொண்டா வெசல், யப்பானில் ஓடி ரீகண்டிசனாக வந்தது. இலங்கையில் எந்தத் தெருவில் நின்றாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வெசல் கடந்து போகும். 2013 டிசம்பரில் யப்பானில் அறிமுகமான அந்த வாகனத்துக்கு மற்றப் பல நாடுகளில் எச்ஆர்-வி என்று பெயர். வெளித்தோற்றம் ஒன்றுதான், உள்ளே இருப்பது நாட்டுக்கு நாடு வேறு. யப்பானில் 1.5 லீற்றர் பெற்றோல் அல்லது ஹைபிரிட். ஐரோப்பாவில் 1.5 பெற்றோல் அல்லது 1.6 டீசல். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1.8 பெற்றோல் மட்டும். எங்கள் வரி என்ஜின் அளவைப் பார்த்து ஏறும், ஹைபிரிட்டைக் கண்டால் அந்த நாட்களில் கொஞ்சம் இரங்கும். அதனால் 2020 மார்ச்சில் இறக்குமதித் தடை விழுமுன் இங்கே வந்து குவிந்தவை யப்பான்காரரின் ஹைபிரிட்டுகள். 2022 இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுத்தபோது, பெரிய ஜீப்புகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஆட்கள் மாஸ்டரோடு திடீரென்று அன்பாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

திருவிழாக் காலத்தில் அந்த வீட்டுப் போர்ட்டிக்கோவில் பின்னேரங்களில் ஒரு சர்வதேச மாநாடு கூடும். ரொறன்ரோ மச்சான், லண்டன் அண்ணர், பாரிஸ் மச்சாள், ஒஸ்லோவில் இருந்து மருமகன். காணிப் பிரச்சினையில் தொடங்கினால் சண்டை வரும் என்று எல்லோருக்கும் தெரியும் ஆதலால் வாகனத்தில் தொடங்குவார்கள்.

"என்ன அத்தான், ஹெட்லைற் கழுவ வோஷர் ஒண்டும் இல்லையே?" என்று ரொறன்ரோ முதல் பந்தைப் போட்டது.

"இஞ்ச பனியே கொட்டுது?"

மருமகன் இடையில் புகுந்து, ஐரோப்பிய விதிகளில் 2000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் வைத்த விளக்குக்குக் கழுவும் வசதி கட்டாயம் என்று விளக்கினான். அழுக்குப் படிந்த கண்ணாடி ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும், அதுதான் காரணம். ஒஸ்லோவில் 2024 இல் வாங்கிய புது மின்சார வாகனம் அவனுடையது. அந்த வருடம் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது அப்படித்தான். காட்டுப் பாதைகளில் எல்க் மான் குறுக்கே பாயும் என்பதால் அங்கே பலர் முன்பக்கத்தில் மேலதிக விளக்குச் சட்டம் பூட்டுகிறார்கள் என்றும் சொன்னான். ஆயிரம் றாத்தல் மான். மாஸ்டர் அசரவில்லை. "இஞ்சையும் இருட்டில கட்டாக்காலி மாடு றோட்டில படுத்திருக்கும். உங்கட மானாவது ஓடும்."

பிறகு மாஸ்டர் தன் துருப்பை எடுத்தார். அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2016 இல் 21 சின்ன எஸ்யூவிகளின் ஹெட்லைற்றுகளை இரவில் ஓட்டிப் பார்த்துச் சோதித்தது. 5 லக்ஸ் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று நேர்ப்பாதையிலும் வளைவிலும் அளந்தது. ஒன்றுகூட 'நல்லது' என்ற தரம் பெறவில்லை. பாதையைக் காட்டுவதில் எல்லாவற்றுக்கும் கடைசி எச்ஆர்-வி, அதன் ஹலொஜன் விளக்கோடு. மச்சான் அந்த வருடம் ரொறன்ரோவில் வாங்கி முகநூலில் படம் போட்ட அதே வாகனம். அதே வெசலுக்கு யப்பானில் உயர்ந்த ரகங்களில் எல்ஈடி பூட்டி விற்றார்கள், மாஸ்டருடையது அதில் ஒன்று. கணித ஆசிரியர்கள் பழைய விடைத்தாளை எறிவதில்லை.

லண்டன் அண்ணர் பஞ்சாயத்துக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், வாகனத்தை மதிலுக்கு முன்னால் நிறுத்தி விளக்கைப் போடச் சொன்னார். இருட்டின மதிலில் வெளிச்சம் விழுந்த விதத்தைத்தான் எல்லோரும் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தார்கள். மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. வலப்பக்கம் தட்டையாகப் போகிற கோடு, நடுவில் இருந்து இடப்பக்கமாக ஏறத்தாழ 15 பாகை சரிந்து மேலேறுகிறது. வலப்பக்கம் எதிரே வருகிறவனின் கண், ஆகவே அங்கே வெளிச்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் தெருவோரம், நடந்து போகிறவனும் வேலியும் தெரிய வேண்டும், ஆகவே அங்கே ஏற வேண்டும். இங்கிலாந்து, யப்பான், இலங்கை மூன்றும் இடப்பக்கம் ஓடும் நாடுகள், கோடு ஒரேமாதிரி. பிரான்சில் கோடு மறுபக்கம் ஏறும். லண்டன்காரர் கடல் தாண்டிப் பிரான்சுக்குள் ஓட்டும்போது விளக்கில் ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டி அந்த ஏற்றத்தை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வரும் பிரெஞ்சுக்காரன் கண் அவ்வளவுதான்.

"ஸ்ரிக்கர் ஒட்டாமல்தான் நீங்கள் போன வருசம் எங்கட வீட்டுக்கு வந்தனீங்கள்" என்றார் பாரிஸ் மச்சாள். அவருக்கு வேறொரு ஆதங்கமும் இருந்தது. எண்பதுகளில் அவர் போய் இறங்கியபோது பாரிஸ் முழுக்க ஹெட்லைற் மஞ்சள். 1993 வரை பிரான்சில் அதுதான் சட்டம். மழை பெய்த இரவில் தெரு முழுக்க மஞ்சளாகக் கிடக்கும், அந்த வடிவு இந்த வெள்ளை எல்ஈடியில் இல்லை என்றார். யாரும் மறுக்கவில்லை. வடிவு பற்றி மச்சாளோடு வாதாடி வென்றவர் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

நாட்டுக்கொரு ஹெட்லைற் என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய கதை இல்லை. குடாநாட்டின் கலியாணங்களையும் செத்தவீடுகளையும் அரை நூற்றாண்டாகச் சுமந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானபோது அதன் விளக்குகள் கீழே, முன்சல்லடைக்குள் பதுங்கியிருந்தன. அமெரிக்காவில் அந்த உயரம் செல்லாது. ஆகவே 1949 இல் அங்கே அனுப்பிய வண்டிகளில் விளக்கை மட்காட்டின் மேல் தூக்கி வைத்தார்கள். 1951 அளவில் எல்லா நாட்டு மைனருக்கும் அதுவே முகமாகிவிட்டது. நாங்கள் பார்த்துப் பழகிய அந்த முட்டைக்கண், அமெரிக்கச் சட்டத்தைத் திருப்திப்படுத்த வந்தது.

அதே மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். மின்சாரமே இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். பிற்பாடு சோதனைச் சாவடிக் காலம். இரவில் கிட்டப் போகும்போது ஹெட்லைற்றை அணைத்து உள்லைற்றைப் போட வேண்டும், முகம் தெரிய வேண்டும். வெளிநாட்டில் விளக்கு தெருவைப் பார்க்க. இங்கே வெகுகாலம் விளக்கு ஓட்டுகிறவனைப் பார்க்க.

இப்போது புது வாகனங்களில் விளக்கை அணைக்கவே விடுவதில்லை. யப்பானில் 2020 ஏப்ரலில் இருந்து புது மாதிரிகளுக்குத் தானியங்கி விளக்கு கட்டாயம். சுற்றுவெளிச்சம் 1000 லக்ஸுக்குக் கீழே போனால் அது தானாக எரியும், ஓடும்போது சாரதி அணைக்க முடியாது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு அப்படியான வாகனங்கள் இங்கும் வருகின்றன. ஐப்பசி மப்பு நாளில், இரண்டு பக்கமும் மாமரம் கவிந்த ஒழுங்கைக்குள் ஒன்று நுழைந்தால் அது பொழுதுபட்டுவிட்டது என்று முடிவு செய்து கண் திறக்கும். சனம் கத்தும். சாரதி என்ன செய்வார், பாவம்.

லண்டன் அண்ணருடைய வாகனத்தில் இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. எதிரே விளக்கு தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் நிழலாக்கி, மற்ற இடமெல்லாம் முழு வெளிச்சம் அடிக்கும் வித்தை. அவுடி 2013 இல் தன் ஏ8 இல் கொண்டுவந்தது. அமெரிக்கா 2022 இல்தான் அனுமதித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கமரா தேடுவது விளக்குகளை. பலாலி வீதியில் இரவு எட்டு மணிக்கு முன்லைற்றும் பின்லைற்றும் இல்லாமல் தோட்டத்தால் திரும்பும் சைக்கிள்காரரும், ஒற்றைக் கண்ணோடு வரும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் அதன் பாடத்திட்டத்தில் இல்லை. விளக்கில்லாதவர் கமராவுக்கு ஆள் இல்லை, ஆகவே முழு வெளிச்சமும் அவர் முகத்திலேயே. எதிர்ப்பக்கத்தில் கொழும்பு பஸ் வரும், நெற்றியில் நீலமும் பச்சையும் சிவப்புமாகக் கோயில் சப்பரம் மாதிரி. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிசார் அந்தச் சோடனைகளைக் கழற்றச் சொன்னார்கள். ஹெட்லைற்றை டிம் பண்ணச் சொல்லி யார் சொல்வது?

வெசலின் உள்வீட்டு வசதிகளும் யப்பானை நினைத்தே செய்தவை. ஸ்ரார்ட் பண்ணியதும் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்ற முறைப்பாடு அது. மாஸ்டரின் மாமியார் ஒவ்வொரு முறையும் "ஓம் பிள்ளை, போட்டு வாறம்" என்பார். அந்த நாட்டு வானொலி 76 இல் தொடங்கி 90 அல்லது 95 மெகாஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். எங்கள் தமிழ்ச் சேவைகளில் பல நூறுக்கு மேலே. இடையில் ஒரு குட்டிப் பெட்டி பூட்டி அலைவரிசையைக் கீழே இறக்கினால்தான் பாட்டுக் கேட்கும். 103 ஐப் பிடிக்க 83 இல் வைக்க வேண்டும். பயணிகள் தடுமாறுவார்கள், மாஸ்டர் 20 ஐக் கழித்துக்கொண்டே ஓட்டுவார். சீற் ஹீற்றரும் உண்டு. ஒரு சித்திரையில் பேரப்பிள்ளை அதை அமத்திவிட, சங்கானை போகும் வரைக்கும் சம்பந்தி ஐயா வாய் திறக்காமல் நெளிந்துகொண்டிருந்தார்.

யப்பானின் ஒடுங்கிய தெருக்களுக்காகச் செய்த மடங்கும் கண்ணாடி மட்டும் இங்கே சொல்லி வைத்தது போலப் பொருந்திவிட்டது. வெசலின் அகலம் 1.77 மீற்றர். சில ஒழுங்கைகளில் கண்ணாடியை மடக்கினால் வேலிக்கும் தப்பும், வேலிக்காரரின் வாய்க்கும் தப்பும்.

மச்சான் விடவில்லை. தன்னிடம் இப்போது இருப்பது 2023 மாதிரி எச்ஆர்-வி, இதைவிடப் பெரியது, புதியது என்றார். பெரியதுதான். வட அமெரிக்காவின் இன்றைய எச்ஆர்-வி உண்மையில் வெசலின் அடுத்த தலைமுறை அல்ல, சிவிக்கின் அடித்தளத்தில் கட்டிய வேறு வாகனம். யப்பானில் அதற்கு இசட்ஆர்-வி என்று பெயர். மாஸ்டர் இதையும் தெரிந்துதான் வைத்திருந்தார், ஆனால் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தார்.

வெசலில் பெற்றோல் ராங்கி முன்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதனால் பின்சீற்றின் இருக்கைப் பகுதியை அப்படியே மேலே தூக்கி நிறுத்தலாம், தரையில் இருந்து கூரை மட்டும் வெற்றிடம். மாஸ்டர் தூக்கினார். திருநெல்வேலிச் சந்தையில் அன்று காலை வாங்கிய கதலிக்குலை ஒன்றை நிமிர்த்தி வைத்தார். பக்கத்தில் ஒரு மூட்டை வெங்காயம். அதற்கும் பக்கத்தில் இன்னொரு குலைக்கு இடம் மிச்சம்.

"உம்மட புதுசில உது செய்யலாமே?"

செய்ய முடியாது. வட அமெரிக்க மாதிரியில் ஹொண்டா அந்தச் சீற்றைக் கைவிட்டுவிட்டது. மச்சான் குலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கனடாவில் யார் குலையாக வாங்குகிறார்கள், அங்கே கிலோக் கணக்கு என்றார்.