ரிச்சி தெருவுக்கு ஒரு முத்திரை ஆய்வாளர் வேண்டும்

அனுப்புநர்:
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
சட்டமுறை எடையளவுக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்,
தொழிலாளர் துறை, சென்னை.

பொருள்: கேமிங் கம்ப்யூட்டர் – உதிரி பாகங்கள் – எண்கள் மிகுதி, முத்திரை இன்மை – உரிய ஆய்வு நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009. 2. பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011. 3. என் மகன் எழுதிக் கொடுத்த பட்டியல்.

ஐயா,

தங்கள் துறையிடம் எனக்கு மரியாதை உண்டு; அதைவிடப் பயம் அதிகம். என் கடையில் உள்ள ஒவ்வொரு இரும்பு எடைக்கல்லிலும் ஈயம் நிரப்பிய குழி இருக்கிறது, அந்த ஈயத்தில் தங்கள் ஆய்வாளர் அடித்த முத்திரை இருக்கிறது. மின்னணுத் தராசின் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். பொட்டலம் போட்ட கடலைப்பருப்பில் நிகர எடை, மாதம், வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. இதில் ஒன்று விட்டுப்போனாலும் என்ன ஆகும் என்று எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவ்வளவு கண்டிப்பான துறை, என் கடையிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் உள்ள ரிச்சி தெருவுக்குள் ஏன் நுழையவில்லை என்று கேட்கத்தான் இந்த மனு.

என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். பெட்டியோடு வருவதை வாங்கிக்கொள்ளடா என்றால், அது கூடாதாம்; பிராசஸர் தனி, மதர்போர்டு தனி, ராம் தனி, கிராபிக்ஸ் கார்டு தனி என்று பொறுக்கி வாங்கி, அவனே திருகாணி முடுக்கிச் சேர்க்க வேண்டுமாம். பொறுக்கி வாங்குவது நல்ல பழக்கம்தான், நானும் கொத்தவால் சாவடி பார்த்தவன். ஆனால் அவன் கொடுத்த பட்டியலில் சொற்களைவிட எண்கள் அதிகமாக இருந்தன. எண் இருக்கிற இடத்தில் அளவு இருக்கும், அளவு இருக்கிற இடத்தில் தங்கள் முத்திரை இருக்கும் என்று நம்பித்தான் அவனோடு போனேன்.

முதலில் எஸ்.எஸ்.டி., அதாவது தரவைச் சேமிக்கும் பாகம். அதன் பெட்டியின் மேல் ஒரு டெராபைட், அதாவது 1,000 ஜி.பி. என்று போட்டிருக்கிறது. மாட்டிவிட்டுப் பார்த்தால் விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டுமாம். என் கணக்குக்கு அது கிலோவுக்கு 69 கிராம் குறைவு. என் பருப்புப் பொட்டலத்தில் 69 கிராம் குறைந்தால் தாங்கள் கடைக்கே வந்திருப்பீர்கள். விசாரித்ததில் யாரும் எதையும் திருடவில்லையாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. 1956-ல் சட்டம் போட்டு மதராஸ் படியையும் வீசையையும் ஒழித்தது, விற்கிறவன் ஒரு படியிலும் வாங்குகிறவன் ஒரு படியிலும் அளக்கக் கூடாது என்றுதானே? அமெரிக்காவில் இதற்காகவே வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2007-ல் சீகேட் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, விலையில் 5 சதவீதமோ இலவச மென்பொருளோ தருவதாக ஒப்புக்கொண்டது. படியை மட்டும் மாற்றவில்லை.

இதுவாவது கணக்கு வித்தியாசம். கிராபிக்ஸ் கார்டுக்கு வாருங்கள் ஐயா, அங்கேதான் தாங்கள் ஜீப்பை நிறுத்த வேண்டும்.

கேமிங் கம்ப்யூட்டரில் பணம் போய் விழும் இடம் கிராபிக்ஸ் கார்டு. மொத்தத் தொகையில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட, அதற்கே போகிறது. அப்படிப்பட்ட சரக்குக்குப் பெயர் வைக்கும் முறையைப் பாருங்கள். என்விடியா நிறுவனம் 2017-ல் ஜி.டி. 1030 என்று ஒரு கார்டு விட்டது. மறு வருடம் அதே பெயரில் வேறு வகை நினைவகம் வைத்து இன்னொன்று வந்தது. முதலாவதில் நினைவகத்தின் வேகம் விநாடிக்கு 48 ஜி.பி., இரண்டாவதில் 16.8. மூன்றில் ஒரு பங்கு சரக்கு, முழுப் பெயர். ஆர்.டி.எக்ஸ். 3050 என்று 2022-ல் வந்ததில் 2,560 கோர். 2024-ல் அதே 3050 என்ற பெயரில் வந்ததில் 2,304. நினைவகமும் எட்டிலிருந்து ஆறு ஜி.பி.யாக இளைத்துவிட்டது. 3060-ஐவிட 4060 பெரிய எண், புதிய சரக்கு; ஆனால் 3060-ல் 12 ஜி.பி., 4060-ல் 8. நான் சோப்பின் எடையைக் குறைத்தால் உறையில் நிகர எடையை மாற்றி அச்சிட்டாக வேண்டும். இங்கே எண்ணையும் ஏற்றிக்கொண்டு, அதைத் தலைமுறை வளர்ச்சி என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள்.

2014-ல் ஜி.டி.எக்ஸ். 970 வந்தபோது 4 ஜி.பி. நினைவகம் என்று விற்றார்கள். அதில் மூன்றரை ஜி.பி. ஓடும், மீதி அரை ஜி.பி. நொண்டும் என்று மறு வருட ஜனவரியில்தான் வெளியே வந்தது. 2016-ல் வழக்கு சமரசமாகி, அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த சங்கதி இன்னும் சுவை. 2022 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜி.பி., 12 ஜி.பி. என்று இரண்டை அறிவித்தார்கள். நினைவகம் மட்டும்தான் குறைவு என்று நினைத்தால் உள்ளே சிப்பே வேறு. ஊர் சிரித்தது. அக்டோபரில் சின்னதை மட்டும் 'வெளியிடாததாக' அறிவித்துவிட்டு, ஜனவரியில் அதையே 4070 டிஐ என்று பெயர் மாற்றி, 899 டாலரிலிருந்து 799-க்கு இறக்கி விற்றார்கள். பிறந்த பிள்ளையைப் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து வேறு பெயரில் காது குத்த அழைத்த முதல் நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும்.

ராம் பார்த்த இடத்தில் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தது. பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் என்றும் இருந்தது. உண்மையில் அதன் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புவதால் 6000 என்று எண்ணுகிறார்கள். சரி, போகட்டும். வாங்கி மாட்டினால் அந்த 6000 தானாக வராது. பெரும்பாலும் 4800-ல்தான் எழுந்து உட்காரும். பயாஸ் என்ற அறைக்குள் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற சுவிட்சைத் தட்டினால்தான் காசு கொடுத்த வேகம் கிடைக்கும். அதைத் தட்டாமலேயே வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் ஏராளம் என்று கடைப் பையனே சொன்னான். "சொல்லி அனுப்புவீங்களா தம்பி?" என்றேன். "கேட்டா சொல்வோம் அண்ணாச்சி" என்றான்.

இனி எஸ்.எம்.பி.எஸ். மின்சாரத்தை மாற்றித் தரும் இந்தப் பெட்டி கெட்டால் கூடவே மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால், மகனிடம் எதில் குறைத்தாலும் இதில் குறைக்காதே என்று சொல்லிவிட்டேன். கேபினெட்டோடு சும்மா வரும் 450 வாட் பெட்டியில் 450 என்ற எண்ணுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். பதிலுக்கு அந்தப் பையன் வேறு ஒரு பெட்டியை என் கையில் வைத்தான். "தூக்கிப் பாருங்க அண்ணாச்சி, கனமா இருக்குல்ல? கனமா இருந்தா நல்ல சரக்கு." நாள் முழுவதும் அந்தத் தெருவில் எடை போட்டு ஒரு பொருளை மதித்தது அப்போது மட்டும்தான். அதற்கும் தராசு இல்லை.

நல்ல பெட்டிகளில் 80 பிளஸ் என்று ஒரு முத்திரை உண்டு. முத்திரை என்றதும் எனக்கு மனம் குளிர்ந்தது. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று நகைக் கடை மாதிரி தரம் பிரித்திருக்கிறார்கள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் எத்தனை வருடம் உழைக்கும், மின்னழுத்தம் எகிறும்போது பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. சோதனை செய்வது சுமார் 23 டிகிரி அறையில். ஐயா, சென்னையில் 23 என்பது ஏ.சி. ரிமோட்டில் மட்டுமே பார்க்கக் கிடைக்கும் எண். கத்திரி வெயிலில், மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், மூடிய கண்ணாடிக் கேபினெட்டுக்குள் அந்தத் தங்கம் எத்தனை காரட் என்று தங்கள் துறை ஒரு சோதனை வைத்தால் புண்ணியமாகப் போகும்.

பிராசஸரில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி நகர்கிறேன். இன்டெல் ஐ9-14900கே என்ற சரக்கில் அடிப்படைத் திறன் 125 வாட். முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் என்று அவர்களே வேறொரு வரியில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு எண்ணும் உண்மை. சின்னது முதலில் கண்ணில் படும். 13, 14-ஆம் தலைமுறைச் சரக்குகள் சில நிலையில்லாமல் விழுந்ததும், 2024-ல் திருத்தம் அனுப்பி வாரண்டியை ஐந்து வருடமாக நீட்டியதும் தாங்கள் பத்திரிகையில் பார்த்திருக்கக்கூடும். யு.எஸ்.பி.க்கு வந்தால், 2008-ல் 3.0 என்று பிறந்ததை 3.1 ஜென் 1 என்றும் பிறகு 3.2 ஜென் 1 என்றும் கூப்பிடுகிறார்கள். மூன்றிலும் விநாடிக்கு அதே 5 கிகாபிட்தான். பழைய சரக்கில் புது லேபிள் ஒட்டியதற்காக என் தொழிலில் கடையைச் சீல் வைப்பார்கள். இவர்கள் அதைத் தரநிலை என்கிறார்கள். மானிட்டரில் எழுதியிருந்த 1 எம்.எஸ். (மில்லிவிநாடி) எதிலிருந்து எதுவரை அளந்தது என்று கேட்டதற்கு, "அது எல்லா மானிட்டர்லயும் போட்டிருக்கும் அண்ணாச்சி" என்று பதில் வந்தது.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தங்கள் விதிப்படி பெட்டியில் எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டிக்கரில் இருந்த தொகையைப் பார்த்து நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தேடினேன். "அதெல்லாம் பாக்காதீங்க அண்ணாச்சி" என்று பையன் அதில் கிட்டத்தட்ட பாதியைச் சொன்னான். அதிகபட்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டீர்கள். யாரும் எட்ட முடியாத உயரத்தில் அந்த விலையை எழுதிவிட்டால் மேலே விற்கும் பேச்சே எழாது. சட்டத்தை இத்தனை உயரத்தில் தூக்கி வைத்து மதிப்பவர்களை நான் பார்த்ததில்லை. மேடையில் 299 டாலர் என்று அறிவித்த கார்டு நம் ஊரில் என்ன ஆகும் என்று மகன் போட்டுக் காட்டினான். டாலருக்கு 85 ரூபாய் வைத்தாலும் 25,415; அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் கிட்டத்தட்ட 30,000. இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை இன்னும் கை வைக்கவில்லை.

இத்தனைக்கும் பையன் முக்கியமாக ஆடப் போவது வேலரன்ட். அதைத் தயாரித்தவர்களே பரிந்துரைப் பட்டியலில் ஜி.டி. 730 போதும் என்று எழுதியிருக்கிறார்கள். அது 2014-ல் வந்த கார்டு. இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, "அப்பா, நாளைக்கு வர்ற கேமுக்கு?" என்றான். நாளைக்கு வரும் விருந்தாளிக்காக இன்றே உலை வைப்பது வியாபாரத்துக்கு நல்லது என்பதால் நான் பேசாமல் இருந்தேன்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சரக்கை நிறுத்துப் பார்க்கிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் கேமர்ஸ் நெக்சஸ், ஆஸ்திரேலியாவில் ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு என்று யூடியூபில் உட்கார்ந்துகொண்டு, கார்டைப் பூட்டி, விளையாட்டை ஓட்டி, விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது, எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அட்டவணை போடுகிறார்கள். என் மகன் பொதுத் தேர்வுக்கு அத்தனை அட்டவணை படித்ததில்லை. பெட்டியின் மேல் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த அட்டவணையை நம்பி அவன் கார்டைத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சரி என்றே படுகிறது. தங்கள் துறைக்கு ஆள் பற்றாக்குறை என்றால் அவர்களையே கௌரவ முத்திரை ஆய்வாளர்களாக நியமிக்கலாம். ஜீப் கேட்க மாட்டார்கள்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பதைத் தடை செய்தும், ராம் பெட்டியில் 'சுவிட்சைத் தட்டினால் மட்டும்' என்று எண் அளவுக்கே பெரிய எழுத்தில் அச்சிடச் செய்தும், வாட் கணக்கில் பெரிய எண்ணை முதலில் எழுத வைத்தும், எஸ்.எம்.பி.எஸ்.ஸை மே மாதம் சென்னையில் சோதிக்க உத்தரவிட்டும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், தெருவில் பாதிக் கடை மூடியிருக்கும்.

இப்படிக்கு,
முத்திரையிட்ட தராசு வைத்திருக்கும்
தங்கள் கீழ்ப்படிந்த மளிகைக்காரன்.

பி.கு.: ராமை மட்டும் இன்னும் வாங்கவில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மொத்தமாக அள்ளிக்கொள்வதால் விலை எகிறிக்கிடக்கிறது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் என்ற சில்லறைப் பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கடையில் போய் விலை கேட்டால் "எப்ப வாங்குறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்கள், காலையில் சொன்ன விலை மாலைக்குச் செல்லாதாம். எனவே இந்த மனு தங்கள் மேசையிலிருந்து பிரிவு எழுத்தருக்கும், அங்கிருந்து கண்காணிப்பாளருக்கும் போய்த் திரும்பும் வழக்கமான கால அளவு எவ்வளவு என்பதைத் தோராயமாகவேனும் தெரிவித்தால், 16 ஜி.பி.யா 32 ஜி.பி.யா என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும்.